ரசனையா, டிக்கெட் காசா?

கேள்வி: பாரிஸில் இருக்கும் என் மாமா பையன் மாதம் இரண்டு படமாவது தியேட்டரில் பார்த்துவிடுகிறான், பாதிக்குப் பாதி பிரெஞ்சுப் படம். லண்டனில் இருக்கும் அக்கா வருடத்துக்கு ஒரு தடவை போனாலே பெரிது, அதுவும் ஹாலிவுட். பிரெஞ்சுக்காரர்களுக்குத்தான் சினிமா ரசனை ஜாஸ்தியோ?
(புதுச்சேரி வாசகி)

பதில்: இதைக் கேட்டால் பிரெஞ்சுக்காரர்கள் உச்சி குளிர்ந்துபோவார்கள். ஆனால் 1946-ல் பிரிட்டனில் விற்ற டிக்கெட் 163 கோடிக்கும் மேல். கைக்குழந்தையையும் சேர்த்துக் கணக்குப் போட்டால்கூட ஆளுக்கு முப்பது தடவைக்கு மேல் வருகிறது. பிரான்ஸ் உச்சத்தில் இருந்தபோதே 42 கோடியைத்தான் தொட்டது. அப்புறம் வீட்டுக்குள் டிவி வந்தது, பிரிட்டனில் எத்தனையோ தியேட்டர்கள் பிங்கோ ஆடும் கூடங்களாகிவிட்டன, 1984-ல் வெறும் 5.4 கோடி. மறுவருடம் மில்டன் கீன்ஸில் மல்டிபிளக்ஸ் திறந்த பிறகுதான் கூட்டம் திரும்பியது. பிரான்ஸும் சரிந்தது, ஆனால் 11.6 கோடியோடு நின்றுகொண்டது. 2024-ல் பிரான்ஸ் 18.1 கோடி, பிரிட்டன் சுமார் 12.6 கோடி. மக்கள்தொகை இரண்டு நாட்டிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

சூட்சுமம் டிக்கெட்டில் இருக்கிறது. பிரான்ஸில் ஒவ்வொரு டிக்கெட்டிலும் 10.72 சதவீதம் வரி. அது அரசு கஜானாவில் கரைந்துபோகாமல் 1946-ல் தொடங்கிய தேசிய சினிமா மையம் வழியாகப் படம் எடுப்பவர்களுக்கும் தியேட்டர்காரர்களுக்குமே திரும்புகிறது. ஹாலிவுட் படத்துக்கு நீங்கள் 10 யூரோ கொடுத்தாலும் அதில் சுமார் 1 யூரோ பிரெஞ்சு சினிமாவுக்குப் போகும், எதிராளி காசிலேயே நம் வீட்டுக் கல்யாணம்! தியேட்டரில் ஓடிய படம் நெட்ஃபிளிக்ஸுக்கு வர 15 மாதம் ஆகும் (நம் ஊரில் பல தமிழ்ப் படங்கள் நாலு வாரத்திலேயே வந்திருக்கின்றன). 2024-ல் அங்கே விற்ற டிக்கெட்டில் 44 சதவீதம் உள்ளூர்ப் படங்களுக்கு.

பிரிட்டனுக்கு மொழியே வினை. ஹாலிவுட் பேசுவதும் ஆங்கிலம்தான், டப்பிங்கோ சப்டைட்டிலோ குறுக்கே நிற்பதில்லை. அங்கே 'பிரிட்டிஷ் படம்' என்ற கணக்கும் கொஞ்சம் வேடிக்கை. ஹாரி பாட்டர் படங்கள் லண்டன் பக்கம் லீவ்ஸ்டனில் எடுத்தவை, நடிகர்களும் பிரிட்டிஷ், ஆனால் பணம் வார்னர் பிரதர்ஸுடையது. இப்படிப்பட்டவற்றையும் தங்கள் படம் என்றே எழுதிக்கொள்கிறார்கள்.

கேள்வி: சினிமா பிறந்ததே பிரான்ஸில்தானே, அந்தப் பெருமையும் ஒரு காரணமா?
(சேலம் வாசகர்)

பதில்: பெருமை உண்டு, பிறப்புச் சான்றிதழில்தான் தகராறு. லூமியேர் சகோதரர்கள் 1895 டிசம்பர் 28-ல் பாரிஸ் கிராண்ட் கஃபேயின் கீழ்த்தளத்தில் ஆளுக்கு 1 பிராங்க் வாங்கிப் படம் காட்டினார்கள். அதற்கு ஏழு வருடம் முன்பே, 1888-ல், இங்கிலாந்தின் லீட்ஸில் ஒரு வீட்டுத் தோட்டத்தில் நாலு பேர் நடப்பதை லூயி லெ பிரின்ஸ் என்பவர் படம்பிடித்துவிட்டார். சுமார் இரண்டு நொடி, அவ்வளவுதான். படம் பிடித்த இடம் இங்கிலாந்து, பிடித்தவர் பிரெஞ்சுக்காரர்! அவரிடமே கேட்கலாமென்றால், 1890 செப்டம்பரில் டிஜோனில் பாரிஸ் ரயில் ஏறிய மனிதர் அதோடு காணாமல் போய்விட்டார்.