கதை முடியாத இடத்தில் கல்யாணம்

ஐயா,
ஸ்பைடர்மேன், பேட்மேன் கதைகளில் காதல் ஏன் நிலைப்பதே இல்லை? கடமையும் காதலும் ஒத்துப்போகாது என்பதாலா? அல்லது எழுதுகிறவர்களுக்குப் பெண்களை எழுதத் தெரியாததாலா?
– ஒரு வாசகர், அம்பாசமுத்திரம்

அன்புள்ள தம்பி,

கடைசிக் கேள்விக்கு ஆமாம் என்றே சொல்லலாம். 1994இல் கிரீன் லான்டர்ன் என்ற காமிக்ஸ் நாயகனின் காதலியைக் கொன்று ஃபிரிட்ஜில் திணித்தார்கள். அப்படிச் சிதைக்கப்பட்ட பெண்களை 1999இல் கெயில் சிமோன் என்ற வாசகி (பின்னாளில் அவரே காமிக்ஸ் எழுத்தாளர்) பட்டியலே போட்டார். அதற்கு மேல் அதில் பேச ஒன்றுமில்லை.

ஆனால் கடமை, காதல் என்று எழுதியிருக்கிறீர்களே, அது சோம்பேறித்தனமான விளக்கம். போலீஸ்காரர்கள் குடும்பம் நடத்தவில்லையா? நன்றாக வாசிக்கிற பிள்ளை நீங்கள், இப்படி எழுதலாமா?

காரணம் கதைக்குள் இல்லை. அந்தப் பாத்திரங்கள் நிறுவனத்தின் சொத்து. எழுதுகிறவர் போவார், இன்னொருவர் வருவார். மாதாமாதம் இருபது சொச்சம் பக்கம் வந்தாக வேண்டும். 1962இல் பள்ளிக்கூடத்துப் பையனாக வந்த ஸ்பைடர்மேன், அதாவது பீட்டர் பார்க்கர், இன்றும் இளைஞன்தான். 1987இல் காதலி மேரி ஜேனைக் கட்டிவைத்தார்கள். கல்யாணம் ஆனவனுக்கு வயது தெரியும். விவாகரத்து செய்தால் இன்னும் கூடுதலாகத் தெரியும். ஆகவே 2007இல் அத்தை மேயின் உயிருக்கு ஈடாக மெபிஸ்டோ என்ற பிசாசிடம் கல்யாணத்தையே கொடுக்க வைத்து, நடக்காததாக்கிவிட்டார்கள். சூப்பர்மேனும் அவன் காதலி லோயிஸும் 1996இல் மணந்தார்கள். 2011இல் கதை உலகத்தையே புதிதாகத் தொடங்கி அதை அழித்தார்கள். 2016இல் மகனோடு திரும்பக் கொண்டுவந்தார்கள். 2018இல் பேட்மேன் காத்திருக்க, கேட்வுமன் கல்யாணத்துக்கு வரவே இல்லை. வழி வேறு வேறு, நோக்கம் ஒன்று: அடுத்து எழுத வருகிறவனுக்குப் பாத்திரம் பழையபடியே கிடைக்க வேண்டும்.

உங்கள் ஊரிலிருந்து பாபநாசம் மலையேறினால் சொரிமுத்து அய்யனார் கோயில். அங்கே பட்டவராயனுக்குத் தோல்செருப்பைக் காணிக்கையாகப் போடுகிறார்களே, ஏன் என்று யோசித்ததுண்டா? அந்தப் பட்டவராயன்தான் கதைப்பாட்டின் முத்துப்பட்டன். பிராமணனாகப் பிறந்தவன், செருப்புத் தைக்கும் குடும்பத்துப் பெண்களான பொம்மக்கா, திம்மக்காவுக்காகப் பூணூலை அறுத்துத் தோல் தைக்கிறான். மாடு கவர வந்தவர்களோடு மோதிச் சாகிறான். பெண்கள் இருவரும் சிதையேறுகிறார்கள். உடன்கட்டையை நான் கொண்டாடவில்லை, அது கொடுமை. ஆனால் அந்தக் காதலை யாராலும் கலைக்க முடியாது. வில்லுப்பாட்டுக்காரர் ஒவ்வொரு கோயில் கொடை விழாவிலும் அதே கதையைத்தான் பாடுவார், பட்டனைச் சாகவும் விடுவார். செத்தவனைப் பிழைக்க வைத்து அடுத்த மாதத்துக்கு ஒரு பாகம் பாடச் சொல்லும் முதலாளி அவருக்கு இல்லை. பட்டனை மாதாமாதம் உயிரோடு வைத்திருக்கச் சொல்லியிருந்தால், பொம்மக்காவை எப்போதோ கழற்றிவிட்டிருப்பார்கள்.

தொடர்கதையிலும் கல்யாணம் நிற்கும். ஃபென்டாஸ்டிக் ஃபோர் என்ற நாயகர் குழுவின் ரீட் ரிச்சர்ட்ஸும் சூவும் 1965இல் மணந்தார்கள். அந்தக் குழுவே ஒரு குடும்பம் என்பதால் பெரும்பாலும் தப்பித்தது. நம்மவர்கள் மாயாவி என்றும் வேதாளர் என்றும் படித்த ஃபேன்டம் இன்னும் நல்ல உதாரணம். 1936இல் அதைத் தொடங்கிய லீ ஃபால்க், 1999இல் சாகும்வரை பெரும்பாலும் தானே எழுதினார். முகமூடி தகப்பனிடமிருந்து மகனுக்குப் போக வேண்டும். இவர் 21ஆவது ஆள். கல்யாணம் இல்லாவிட்டால் 22ஆவது ஆள் ஏது? 1977இல் டயானாவை மணந்தார், இரட்டைக் குழந்தைகளும் பிறந்தன.

அடுத்த கடிதத்தில் பேட்மேன் புலம்பலை விட்டுவிட்டு அந்த டயானாவைப் பற்றி எழுதுங்கள். கணவன் காட்டில் இருக்க, ஐநாவில் வேலை பார்த்த பெண் அவள்.