நியூட்ரினோ வகை மாறும்போது மியூவான் சிதைவில் என்ன புதுமை?

நியூட்ரினோ அலைவே, அதாவது மிக நுண்ணிய நிறையுள்ள நியூட்ரினோ துகள்கள் போகிற போக்கில் வகை மாறுவதே, மியூவான் (எலக்ட்ரானின் கனமான உறவுத் துகள்) எலக்ட்ரானாகவும் ஃபோட்டானாகவும் (ஒளித்துகள்) சிதைவதை விளக்கிவிடாதா என்று கேட்டிருந்தீர்கள். நல்ல கேள்வி. கொள்கையளவில் விளக்கும், அளவில்தான் சிக்கல். நியூட்ரினோக்களின் நிறை வர்க்க வேறுபாட்டை இந்தச் சிதைவுக்கு இடைநிலையாக இருக்கும் கனமான துகளான டபிள்யூ போசானின் நிறை வர்க்கத்தால் வகுத்து, அதையும் வர்க்கப்படுத்த வேண்டும். மொத்த மியூவான் சிதைவுகளில் இப்படி நடப்பவற்றின் பங்கு சுமார் 10⁻⁵⁴ ஆகச் சுருங்கிவிடும். எந்தக் கருவிக்கும் அது எட்டாது. சுவிட்சர்லாந்தின் பால் ஷெரர் நிறுவனத்தில் நடக்கும் மெக் 2 சோதனை இந்தச் சிதைவைத்தான் தேடுகிறது; அதன் நுண்மை இப்போது 10⁻¹³ அளவைத் தொட்டிருக்கிறது. இடையில் நாற்பது அடுக்குகள் காலி!

சரி, எதைத் தேடுகிறார்கள்? நின்றுபோன நேர்மின் மியூவானிலிருந்து ஒரே கணத்தில், எதிரெதிர்த் திசைகளில், தலா 52.8 மெகா எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலுடன் கிளம்பும் பாசிட்ரானையும் (எலக்ட்ரானின் நேர்மின் எதிர்த்துகள்) ஃபோட்டானையும். வெவ்வேறு சிதைவுகளிலிருந்து வந்து தற்செயலாகச் சேரும் இணைகளை விலக்குவதுதான் பெரும்பாடு. அதைத் தாண்டி ஒரு சமிக்ஞை உறுதியானால், அலைவுக்குத் தேவையான அந்தச் சிறு நிறையைக் காரணம் காட்டவே முடியாது.