இன்டெல் மேக்கிலிருந்து எம் சிப்புக்கு: பழைய பிளகின்கள் ஓடுமா?

2019 இன்டெல் ஐமேக்கை விட்டு ஆப்பிளின் சொந்த எம் சிப் இருக்கும் மேக்குக்கு மாறினால், இசை மென்பொருளோடு சேர்த்துக்கொள்ளும் பழைய பிளகின்கள் ஓடுமா என்று கேட்டிருந்தீர்கள். பெரும்பாலும் ஓடும். ஆப்பிளின் இசை மென்பொருளான லாஜிக் எம் சிப்பில் நேரடியாக ஓடிக்கொண்டே, இன்டெல்லுக்கு எழுதிய பிளகின்களை (ஆடியோ யூனிட்கள்) மட்டும் ரொசெட்டா 2 வழியாக ஏற்றிக்கொள்ளும். இன்டெல் நிரல்களை எம் சிப்புக்கு மொழிபெயர்த்து ஓட்டும் ஆப்பிளின் மென்பொருள்தான் ரொசெட்டா. வேறு சில மென்பொருள்களில் மொத்தத்தையுமே ரொசெட்டாவில் திறக்க வேண்டிவரும். வேகம் கொஞ்சம் அடிவாங்கும்.

நான் மாட்டிக்கொண்டது பிளகினில் இல்லை, மைக்கையும் வாத்தியங்களையும் கணினியோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸில். பழைய டிரைவர் ஏறவே இல்லை. இயங்குதளத்தின் உட்கருவில் ஓடும் கெர்னல் டிரைவர்களை ரொசெட்டா தொடாது என்பது அப்புறம்தான் தெரிந்தது. உங்கள் இன்டர்ஃபேஸுக்கு எம் சிப்பில் ஓடும் டிரைவர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

எம் சிப் மேக்கில் ரேமை வாங்கிய பின்னால் கூட்ட முடியாது. வயலின் சாம்பிள்களை அடுக்கடுக்காக ஏற்றுகிறவர் நீங்கள். 8 ஜிபி பக்கமே போகாதீர்கள். கையிலிருக்கும் ஆல்பம் முடியும்வரை பழைய ஐமேக்கையும் விற்றுவிடாதீர்கள்.