இருவருக்கும் ஒரே பள்ளி – கடிதம்

அன்புள்ள டீச்சர்,

நீங்கள் ஷார்ஜாவில் வேலை பார்த்த வருடங்களைப் பற்றி எழுதியிருந்ததைப் படித்துவிட்டுத்தான் இதைக் கேட்கிறேன். நானும் என் கணவரும் மதுரையில் ஒரே சிபிஎஸ்இ பள்ளியில் இருக்கிறோம். அவர் ப்ளஸ் டூவுக்கு இயற்பியல், ஒன்பது வருட அனுபவம். நான் எம்.ஏ. ஆங்கிலம், பி.எட். ஏழு வருடமாக மூன்றாம் வகுப்புக்கு வகுப்பாசிரியை. மகனுக்கு ஆறு வயது.

வெளிநாட்டில் ஏதாவது இன்டர்நேஷனல் பள்ளிக்கு இரண்டு பேரும் சேர்ந்தே போகலாம் என்று ஒரு வருடமாக விண்ணப்பித்துக்கொண்டிருக்கிறோம். அவரை இரண்டு பள்ளிகள் ஜூமில் பேசக் கூப்பிட்டன. எனக்கு ஒரு பதில்கூட இல்லை. தம்பதி என்று முதலிலேயே சொன்னால் ஒதுக்கிவிடுவார்கள், அவருக்கு ஆஃபர் கைக்கு வந்த பிறகு மெதுவாகச் சொல்லுங்கள் என்கிறார்கள் தெரிந்தவர்கள். அப்படித்தான் செய்ய வேண்டுமா?

ச., மதுரை

அன்புள்ள ச.,

வேண்டாம். முதல் மெயிலின் முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்.

வெளியூர் ஆசிரியர் ஒருவரை எடுத்தால் பள்ளிக்குச் சம்பளத்தோடு செலவு நிற்காது. விசா, விமான டிக்கெட், இன்சூரன்ஸ், வீடு அல்லது வாடகைப் படி, பிள்ளைக்குப் பள்ளியில் இடம் என்று போகும். உங்கள் கணவர் மட்டும் வேலைக்கு வந்து நீங்களும் பையனும் கூடப் போனால் ஒரு ஆசிரியருக்கு மூன்று பேர் செலவு. நீங்களும் வகுப்பெடுத்தால் அதே வீட்டில் இரண்டு ஆசிரியர்கள். இந்தக் கணக்குத் தெரிந்த முதல்வருக்குத் தம்பதி என்றால் இனிக்கத்தான் செய்யும். 'டீச்சிங் கப்பிள்' என்று ஒரு பேரே உண்டு. சர்ச் அசோசியேட்ஸ் (Search Associates) போன்ற ஆள்சேர்ப்பு நிறுவனங்களில் தம்பதியாகவே பதிவு செய்யலாம்.

தயக்கமும் அவர்களுக்கு உண்டு, இல்லாமல் இல்லை. இரண்டு காலியிடங்கள் ஒரே சமயத்தில் வர வேண்டும். ஒருவர் கிளம்பினால் இன்னொருவரும் கிளம்புவார். ஆனால் மறைத்து வைத்து ஆஃபருக்குப் பிறகு சொல்பவரைப் பார்த்தால் வருகிற எரிச்சலுக்கு முன்னால் இதெல்லாம் ஒன்றுமில்லை.

உங்கள் ஜோடி நல்ல ஜோடி. இயற்பியலுக்கு ஒரு பள்ளியில் ஒன்றிரண்டு பேர்தான் இருப்பார்கள், எப்போதாவதுதான் இடம் வரும். ஆரம்ப வகுப்புகளில் அடிக்கடி வரும். அப்படியிருந்தும் உங்களைக் கூப்பிடாததற்கு, உங்கள் பயோடேட்டாவைப் பார்க்காமலே ஒரு ஊகம் சொல்கிறேன். மேலே பெரிய எழுத்தில் 'ஆங்கில ஆசிரியை' என்றுதானே போட்டிருக்கிறீர்கள்? லண்டன்காரரும் டொரண்டோக்காரரும் நிற்கிற வரிசை அது. அங்கே போய் நிற்காதீர்கள். ஒரே வகுப்பை நாள் முழுக்க வைத்துக்கொண்டு மொழி, கணக்கு, சுற்றுச்சூழல் எல்லாம் நடத்துகிற ஆளை அங்கே 'ஹோம்ரூம் டீச்சர்' என்பார்கள். ஏழு வருடமாக நீங்கள் பார்ப்பது அதே வேலைதான். எம்.ஏ. கீழே இருக்கட்டும்.

அப்புறம், இன்டர்நேஷனல் பள்ளிகளில் நடத்துகிற ஐபி (இன்டர்நேஷனல் பாக்கலோரியட்), கேம்பிரிட்ஜ் பாடத்திட்ட அனுபவம் இருவருக்குமே இல்லை. இதை எந்த முகவரும் உங்களிடம் எடுத்துச் சொல்ல மாட்டார். இரண்டு வருடம் கொடைக்கானல், ஊட்டி, பெங்களூரு என்று உள்ளூரிலேயே ஒரு சுற்றுப் போய்விட்டுப் பிறகு கடல் தாண்டலாம் என்பது என் யோசனை. கொடைக்கானல் இன்டர்நேஷனல் ஸ்கூலில் 1976லேயே ஐபி வந்துவிட்டது, இந்தியாவில் முதல் பள்ளி அதுதான். மலைப் பள்ளிகள் பலவற்றில் தம்பதியை விரும்பி எடுப்பார்கள். ஹாஸ்டல் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு குடும்பம் வேண்டுமே. பல இடங்களில் வீடு, சாப்பாடு, பையன் படிப்பு எல்லாம் சம்பளத்தோடு சேர்ந்து வரும். ஞாயிற்றுக்கிழமைதான் உங்களுடையதாக இருக்காது. ராத்திரி பதினோரு மணிக்கு எட்டாம் வகுப்புப் பையன் காய்ச்சல் என்று கதவைத் தட்டுவான்.

இப்போது எங்கள் கதை. என் கணவருக்கு ஷார்ஜாவில் ஒரு பள்ளியில் வேதியியலுக்கு இடம் கிடைத்தது. எனக்குக் கணக்கு. 'மேடம் வரட்டும், வந்ததும் பார்த்துக்கொள்ளலாம்' என்று முதல்வர் போனில் சொன்னார். நல்ல குரல், நம்பினோம். போய் இறங்கினால் அடுத்த டெர்ம் என்றார்கள், அதற்கடுத்த டெர்ம் என்றார்கள். ஒரு வருடம் முழுக்க நான் பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் வேலை கொடுத்தபோது சம்பளம் என் பக்கத்து வகுப்புக்காரியைவிடக் கணிசமாகக் குறைவு. கேட்டதற்கு, 'நீங்கள் ஹஸ்பெண்ட் விசாவில்தானே இருக்கிறீர்கள், வீட்டுச் செலவு உங்களுக்கு இல்லையே' என்று பதில். வளைகுடாவில் இந்த வசனத்தைக் கேட்காத ஆசிரியை குறைவு.

அதனால் வாய்ச்சொல்லுக்குக் கிளம்பாதீர்கள். இரண்டு பேருக்கும் தனித்தனி ஆஃபர் கடிதம் வேண்டும். வீடு யார் ஒப்பந்தத்தில் இருக்கிறது, ஒருவருக்கு மட்டும் ஒப்பந்தம் நீட்டிக்காவிட்டால் அந்த வீடு என்னவாகும் என்று கேளுங்கள். கேட்கச் சங்கடமாக இருக்கும், பரவாயில்லை. மொத்தச் சம்பளத்தைப் பார்த்து மயங்காமல் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்று பாருங்கள். அமீரகத்தில் பணிக்கொடையை முதல் ஐந்து வருடங்களுக்கு வருடத்துக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம் என்று கணக்கிடுகிறார்கள். படிகளாகப் பிரித்துப் போட்டால் கடைசியில் கை கடிக்கும்.

ஒருவருக்கு மட்டும் கிடைத்தால் என்ன செய்வது? இதை முதல் இன்டர்வியூவுக்கு முன்பே வீட்டில் பேசி முடித்துவிடுங்கள். நாங்கள் பேசவில்லை. ஆஃபருக்குப் பதில் சொல்ல மூன்று நாள் கொடுத்தார்கள், அந்த மூன்று நாளில் நடந்த சண்டை பத்து வருடம் ஓடியது. 'அவருக்குக் கிடைத்தால் நான் கூடப் போவேன்' என்பது சரியான முடிவாக இருக்கலாம். ஆனால் 'எனக்குக் கிடைத்தால் அவர் வருவாரா' என்றும் அதே மூச்சில் கேட்டுவிடுங்கள். உங்கள் கடிதத்தில் அந்தக் கேள்வியைக் காணோம்.

காகிதங்கள் பெரிய கதை. உங்கள் பட்டச் சான்றிதழில் அப்பா இனிஷியல் இருக்கும், பாஸ்போர்ட்டில் கணவர் பெயர் இருக்கலாம். பாதித் தமிழ்நாட்டுப் பெண்கள் இந்த இடத்தில்தான் மாட்டுகிறார்கள். இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று காட்ட உங்களிடம் இருக்கிற நல்ல ஆதாரம் திருமணச் சான்றிதழ். கோயில் ரசீதும் மண்டபத்துப் பத்திரிகையும் போதாது, பதிவு அலுவலகச் சான்றிதழாக இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2009ஆம் வருடச் சட்டத்தின்படி திருமணப் பதிவு கட்டாயம். பதிவு செய்யவில்லை என்றால் இப்போதே செய்துவிடுங்கள். பட்டச் சான்றிதழ்களுக்கு மாநில அரசு, வெளியுறவுத் துறை என்று முத்திரைகள் வேண்டும். அமீரகம் என்றால் தூதரகமும் சேரும். மாதக்கணக்கில் இழுக்கும்.

வேலைக்குச் சேர்க்கப் பணம் கேட்கிற பள்ளி பள்ளியே அல்ல. இந்தியாவில் பதிவு பெற்ற முகவர் என்றால் வெளியுறவுத் துறையின் இ-மைகிரேட் தளத்தில் பெயர் இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

காலம்? ஆகஸ்டில் தொடங்கும் பள்ளிகள் அதற்கு முந்தைய அக்டோபரிலிருந்தே ஆள் தேட ஆரம்பித்துவிடும். வளைகுடாவின் சிபிஎஸ்இ பள்ளிகளுக்கு ஏப்ரலில்தான் வருடம் பிறக்கும். இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொண்டு தேடினால் தேதி இடிக்கும், எதற்கு என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

இன்னொன்று. சேரும்போது உங்கள் இருவரின் ஒரிஜினல் சர்டிஃபிகேட்டுகளையும் பள்ளி வாங்கி பீரோவில் வைத்திருக்கிறதா? அப்படியானால் ராஜினாமா பேச்சை எடுப்பதற்கு முன் ஏதாவது காரணம் சொல்லி அவற்றை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். வங்கிக் கடன் என்று சொன்னால் என் காலத்தில் கொடுத்தார்கள்.