உப்புக் காற்றும் சோலாரும்: வாசகர் கேள்வி – பதில்

ராமநாதபுரம் மாவட்டக் கடலோர ஊர்களிலிருந்து வந்த கேள்விகள் இந்த இதழில். மதுரையிலோ கோவையிலோ சரியாக இருக்கும் பதில் கடற்கரை வீட்டுக்கு அப்படியே பொருந்தாது. உப்பும் காற்றும் இங்கே எல்லாக் கணக்கையும் கொஞ்சம் மாற்றிவிடும்.

மாடியில் 3 கிலோவாட் சோலார் போட்டு இரண்டு வருடம் ஆகிறது. முதலில் ஒரு நாளைக்கு 12 யூனிட் வந்தது. இப்போது 8, 9 யூனிட்தான் வருகிறது. போல்ட்டுகளிலும் துரு தெரிகிறது. பேனல் கெட்டுவிட்டதா?
– வாசகர், பாம்பன்

பேனல் கெட்டிருக்க வாய்ப்பு குறைவு. முதலில் இன்வெர்ட்டர் ஆப்பில் போன வருடம் இதே மாதம் எவ்வளவு வந்தது என்று பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மேகமூட்டத்தில் உற்பத்தி இறங்குவது இயல்பு. அதைச் சித்திரை மாதத்தோடு ஒப்பிட்டுக் கவலைப்பட வேண்டாம். ஒரே மாதத்தை ஒப்பிட்டும் கால்வாசி குறைந்திருந்தால் காரணத்தைத் தேட வேண்டும்.

பெரும்பாலும் முதல் காரணம் உப்புப் படலம். மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் உப்பும் மணலும் சேர்ந்து கண்ணாடியில் மெல்லிய பசைபோலப் பிடித்துக்கொள்ளும். விரலால் தேய்த்து நாக்கில் வைத்தால் கரிக்கும். லேசான தூறல் அதைக் கழுவாது, கீழ் ஓரத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். அந்தக் கீழ் ஓரப் பட்டை செல்களின் கடைசி வரிசையை மறைத்தாலே பேனலின் உற்பத்தியில் பெரும்பகுதி போய்விடும். செல்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுக்கப்பட்டிருப்பதால் ஒரு வரிசை மறைந்தாலும் அதனுடன் சேர்ந்த தொடர் முழுவதும் மந்தமாகும்.

கழுவுவதற்கு போர் தண்ணீரை எடுக்காதீர்கள். நம் கடலோர போர் தண்ணீர் காய்ந்ததும் வெள்ளைப் பூப்பூக்கும். அந்தக் கறை உப்பைவிடப் பிடிவாதமானது. காவிரிக் கூட்டுக் குடிநீரோ பிடித்துவைத்த மழைநீரோ இரண்டு வாளி போதும், ஆறு பேனலையும் துடைத்துவிடலாம். விடியற்காலையில், பேனல் குளிர்ந்திருக்கும்போது செய்யுங்கள். உச்சி வெயிலில் சூடேறிய கண்ணாடியில் தண்ணீர் ஊற்றினால் விரிசல் விடலாம். நீண்ட கைப்பிடி கொண்ட மெல்லிய துடைப்பான் போதும். சோப்புத்தூள், தேங்காய் நார் இரண்டும் வேண்டாம். பேனல் மேல் ஏறி நிற்கவே கூடாது. கண்ணாடி உடையாவிட்டாலும் உள்ளே செல்லில் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும். சாதாரண நாட்களில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை, கச்சான் மாதங்களில் வாரம் ஒருமுறை கழுவினால் போதுமானது.

கழுவிய பிறகும் ஏறவில்லை என்றால் நிழலைப் பாருங்கள். இரண்டு வருடத்தில் பக்கத்துத் தென்னை வளர்ந்திருக்கலாம், புதிதாகத் தண்ணீர்த் தொட்டி வந்திருக்கலாம். காலை ஒன்பது, பகல் பன்னிரண்டு, மாலை மூன்று மணிக்குப் போட்டோ எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். அதுவும் இல்லையென்றால் பேனல்களை இணைக்கும் பிளக்குகளுக்குள் உப்பு ஈரம் போய்ப் பச்சை பூத்திருக்கும். அதை நீங்கள் கழற்றக் கூடாது. ஆறு பேனல் தொடரில் வெயில் நேரத்தில் சுமார் 300 வோல்ட் டி.சி. நிற்கும். ஓடும்போது பிளக்கைப் பிரித்தால் தீப்பொறி பாயும். எலக்ட்ரீஷியன் முதலில் ஏ.சி. பக்கத்தை அணைத்து, பிறகு பேனல் பக்க மின்சாரத்தைத் துண்டிக்கும் டி.சி. ஐசொலேட்டரை அணைத்து, அதன் பின்தான் தொட வேண்டும்.

இனி துரு. உங்கள் கடிதத்தில் அதிகம் கவலைப்பட வேண்டியது இதுதான். இரண்டே வருடத்தில் போல்ட் துருப்பிடித்தால் அது துத்தநாகப் பூச்சுப் போட்ட சாதா இரும்பு போல்ட். கடலிலிருந்து அரை கிலோமீட்டருக்குள் 316 கிரேடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான் தாங்கும். 304 கிரேடிலும் பழுப்புக் கறை வரும். 316இல் சுமார் 2 சதவீதம் மாலிப்டினம் கலந்திருப்பதால் உப்பின் குளோரைடு அதை அவ்வளவு எளிதில் அரிக்காது. காந்தம் வைத்து இரண்டையும் பிரித்தறிய முடியாது. போல்ட்டின் தலையைப் பாருங்கள்: 'ஏ4' என்று பொறித்திருந்தால் 316 ரகம், 'ஏ2' என்றால் 304 ரகம். ஒரு நேரத்தில் ஒரு போல்ட்டாக மாற்றுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகக் கழற்றி, அந்த நேரத்தில் காற்று அடித்தால் பேனல் பறந்துவிடும்.

பேனலைத் தாங்கும் கால்களில் வெல்டிங் செய்த இடம், துளைபோட்ட இடம், வெட்டிய முனை ஆகியவற்றில் துரு இருக்கிறதா என்றும் பாருங்கள். கால்வனைஸ் (துத்தநாகப் பூச்சு) செய்தபின் மாடியில் வைத்து வெட்டினாலும் வெல்ட் அடித்தாலும் அங்கே பூச்சு போய்விடும். துருவை உப்புத்தாளால் தேய்த்து எடுத்து, நல்ல தண்ணீரில் கழுவிக் காயவைத்து, ஜிங்க் ரிச் பெயிண்ட் இரண்டு கோட் அடியுங்கள். எர்த் கம்பியையும் விட்டுவிடாதீர்கள். வெறும் செம்புக் கம்பியை அலுமினியச் சட்டத்தில் நேராக முறுக்கியிருந்தால், உப்பு ஈரத்தில் அலுமினியம் மாவாக உதிரும். கம்பி முனையில் ஈயம் பூசிய லக் (உலோகக் காது) போட்டு ஸ்டெயின்லெஸ் வாஷரோடு முடுக்கச் சொல்லுங்கள்.

புதிதாக சோலார் போட இருக்கிறோம். எத்தனை கிலோவாட் போடுவது? மானியம் எவ்வளவு? கரண்ட் போனாலும் ஓடுமா?
– வாசகி, உச்சிப்புளி

இந்த மாவட்டத்தில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. 2016இல் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் வந்ததே அதற்குச் சாட்சி. ஒரு கிலோவாட்டுக்குச் சராசரியாக நாளுக்கு 4 யூனிட் என்று வைத்துக்கொள்ளுங்கள், நிழலில்லாத நூறு சதுர அடி வேண்டும். இரண்டு மாத பில்லில் 500 யூனிட் காட்டினால் 2 கிலோவாட் போதும். முதல் நூறு யூனிட் எப்படியும் இலவசம் என்பதால் அதற்கு மேல் பெரிதாகப் போடுவதில் அவ்வளவு லாபமில்லை.

பி.எம். சூர்ய கர் திட்டத்தில் மத்திய மானியம் ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 2 கிலோவாட்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் 78,000. திட்டத்தின் இணையதளத்தில் மின் இணைப்பு எண்ணோடு பதிந்து, அதில் பட்டியலிட்டுள்ள நிறுவனத்தின் மூலமாகத்தான் போட வேண்டும். நீங்கள் எடுக்கும் மின்சாரத்தையும் கொடுக்கும் மின்சாரத்தையும் கணக்கிடும் நெட் மீட்டர் வைத்த பிறகு மானியம் வங்கிக் கணக்குக்கு வரும். இந்தியாவில் செய்த செல் கொண்ட பேனலுக்கு மட்டுமே மானியம். பலருக்குத் தடங்கல் வருவது பெயரில்தான்: மின் இணைப்பு இன்னும் தாத்தா பெயரிலேயே இருக்கும். பெயர் மாற்றத்தை முதலில் முடித்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

கரண்ட் போனால் ஓடாது. பகல் பன்னிரண்டு மணி வெயிலிலும் ஓடாது. லைனில் ஆள் வேலை செய்துகொண்டிருக்கும்போது உங்கள் வீட்டு மின்சாரம் கம்பத்துக்குப் போனால் உயிருக்கு ஆபத்து என்பதால், மின் வாரிய லைனோடு இணைந்த ஆன்-கிரிட் இன்வெர்ட்டர் தானாக நின்றுவிடும். புயல் நாட்களில் இருட்டில் உட்காரக் கூடாது என்றால் பேட்டரியோடு ஹைப்ரிட் இன்வெர்ட்டர் வாங்க வேண்டும், விலை கணிசமாக ஏறும். ஃபேனும் லைட்டும் மட்டும் போதும் என்றால் இருக்கிற யு.பி.எஸ்ஸே போதும். 150 ஆம்பியர் ஹவர் பேட்டரியில் சுமார் ஆயிரம் வாட் ஹவர், அதாவது ஒரு யூனிட், எடுக்கலாம். 75 வாட் பழைய ஃபேன் மூன்றும் லைட் நான்கும் நான்கு மணி நேரத்தைத் தாண்டாது. அதே மூன்றும் மின்சாரம் குறைவாக எடுக்கும் 30 வாட் பி.எல்.டி.சி. ஃபேனாக இருந்தால் ஏழு மணி நேரத்துக்கு மேல் வரும். பி.எல்.டி.சி. போடும்போது சுவரிலுள்ள பழைய ரெகுலேட்டரை எடுத்துவிட்டு நேர் இணைப்புக் கொடுங்கள். ரெகுலேட்டரோடு விட்டால் ஃபேன் திணறும், உள்ளே இருக்கும் சர்க்யூட்டும் போகும்.

அமைப்பு விஷயத்தில் ஒன்று. கீழே துணி காயப்போடலாம் என்று எட்டடி உயரத் தூண் வைக்கச் சொல்வார்கள். கடற்கரையில் அது பாய்மரம் மாதிரி காற்றை வாங்கும். ஒன்றரை, இரண்டடி உயரம், தெற்குப் பார்த்து பத்து டிகிரி சாய்வு, கைப்பிடிச் சுவர் ஓரத்திலிருந்து தள்ளி. மாடியின் ஓரங்களிலும் மூலைகளிலும்தான் காற்றின் தூக்கும் விசை அதிகம். கால்கள் ஹாட் டிப் கால்வனைஸ்டு, பூச்சு குறைந்தது 80 மைக்ரான், போல்ட் 316 என்று கொட்டேஷனிலேயே எழுதி வாங்குங்கள். உப்பு மூடுபனிச் சோதனையில் தேறியதா என்று பேனலின் சான்றிதழையும் கேளுங்கள், அந்தச் சோதனையின் எண் ஐ.இ.சி. 61701. விலை குறைக்கப் பேசும்போது முதலில் வெட்டப்படுவது போல்ட்டும் காலும்தான். அதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

மண்டபத்திலிருந்து ராமநாதபுரத்துக்குத் தினமும் வேலைக்குப் போய் வருகிறேன். போக வர எண்பது கிலோமீட்டர். மின் ஸ்கூட்டர் சரிப்படுமா?
– வாசகர், மண்டபம்

சரிப்படும். ஆனால் 3 கிலோவாட் ஹவர் பேட்டரி உள்ள வண்டி உங்களுக்கு மயிரிழையில்தான் போதும். விளம்பரத்தில் சொல்லும் தூரத்தை விடுங்கள். கிலோமீட்டருக்கு 30 வாட் ஹவர் என்று கணக்கிட்டால் எண்பதுக்கு 2.4 கிலோவாட் ஹவர் ஆகிறது. இது காற்றில்லாத நாளுக்கு. நீங்கள் மேற்கே போகும்போது கச்சான் எதிர்க்காற்று. 50 கிலோமீட்டர் வேகத்தில் போகிறீர்கள், எதிரே 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வருகிறது என்றால் வண்டி 80இல் காற்றைக் கிழிக்கிறது என்று பொருள். அப்போது காற்றின் தடை இரண்டரை மடங்கு. மாலையில் அதே காற்று பின்னாலிருந்து தள்ளும், ஆனால் காலையில் போனதை முழுதாகத் திருப்பித் தராது. பேட்டரியும் நாலைந்து வருடத்தில் கொஞ்சம் சுருங்கும். எனவே 4 கிலோவாட் ஹவர் வண்டி வாங்குங்கள், அல்லது வேலையிடத்தில் சார்ஜ் போட முடியுமா என்று கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

செலவில் பெரிய வித்தியாசம் உண்டு. லிட்டருக்கு 45 கிலோமீட்டர் தரும் பெட்ரோல் ஸ்கூட்டருக்கு எண்பது கிலோமீட்டருக்கு 1.8 லிட்டர் வேண்டும். மின் வண்டிக்கு சார்ஜிங் இழப்பையும் சேர்த்து 3 யூனிட்டுக்குள் முடியும். ஆனால் இரண்டு மாதத்தில் ஐம்பது வேலை நாள் என்றால் பில்லில் 150 யூனிட் கூடும். இப்போது 400 யூனிட் எரிக்கும் வீடு 500ஐத் தாண்டும். தாண்டினால் மேலே போன யூனிட்டுக்கு மட்டுமல்ல, கீழ்ப்படியில் இருந்த யூனிட்டுகளுக்கும் விலை ஏறும். வண்டி வாங்கும் மாதமே பழைய ஃபேன்களை மாற்றுங்கள். ஒரு ஃபேன் பதினைந்து மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 40 யூனிட் வரை மிச்சமாகும். நான்கு ஃபேன் மாற்றினால் வண்டிக்கான யூனிட் கிடைத்துவிடும்.

சார்ஜிங் துளையின் ரப்பர் மூடி எப்போதும் மூடியிருக்கட்டும். தனுஷ்கோடி பக்கம் போய்வந்தால் அன்றே நல்ல தண்ணீரில் மெதுவாகக் கழுவுங்கள். பிரஷர் வாட்டர் அடித்தால் உப்பு கனெக்டருக்குள் போகும். கடல்நீரில் வண்டி மூழ்கிவிட்டால் காய்ந்துவிட்டது என்று நம்பி சார்ஜ் போடாதீர்கள். உள்ளே தங்கிய உப்பு பல நாள் கழித்தும் ஷார்ட் ஆகித் தீப்பிடிக்க வைக்கும். வீட்டுக்கு வெளியே, தனியாக நிறுத்திவிட்டு சர்வீஸ் ஆளைக் கூப்பிடுங்கள்.

நான்கு ஏ.சி. இருக்கிறது. வெளி யூனிட் மூன்று வருடம்கூடத் தாங்குவதில்லை, கேஸ் போய்விடுகிறது. பில்லும் எகிறுகிறது.
– வாசகி, கீழக்கரை

வெளி யூனிட்டின் அலுமினியத் தகடுகளும் செம்புக் குழாயும் தொடும் இடத்தில் உப்பு அரித்து ஓட்டை விழுகிறது. கடல் பார்த்த சுவரிலிருந்து எதிர்ப்பக்கச் சுவருக்கு மாற்றுங்கள். மாதம் ஒருமுறை பிரேக்கரை அணைத்துவிட்டு, குழாய்த் தண்ணீரை மெதுவாகத் தகடுகளில் விட்டுக் கழுவுங்கள். அடுத்த முறை வாங்கும்போது காயிலுக்கு அரிப்புத் தடுப்புப் பூச்சு உண்டா என்று கேளுங்கள். மழைக்காக மேலும் பக்கமும் தகரம் அடித்து மூடிவிடாதீர்கள். வெளியேறிய சூடு திரும்ப உள்ளே போய் கம்ப்ரஸர் ஓயாமல் ஓடும்.

ஏ.சி.யை 24 டிகிரியிலிருந்து 26க்கு ஏற்றி ஃபேனும் போடுங்கள். ஒரு டிகிரிக்குச் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்பது மத்திய அரசின் மின்சிக்கன அமைப்பான பி.இ.இ. சொல்லும் கணக்கு. மேற்கு ஜன்னலுக்கு உள்ளே திரை போட்டுப் பயனில்லை, வெயில் கண்ணாடியைத் தாண்டி வந்தாயிற்று. வெளியே பனையோலைத் தட்டி கட்டுங்கள்.

சிமெண்ட் ஷீட் வீடு. பகலில் உள்ளே இருக்க முடியவில்லை. ஏ.சி. வாங்க வசதியில்லை.
– வாசகர், தேவிபட்டினம்

ஏ.சி. வேண்டாம், கூரையை வெளுத்தால் போதும். வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளை கூல் ரூஃப் பெயிண்ட் இரண்டு கோட். முடியாதென்றால் ஐந்து கிலோ கிளிஞ்சல் சுண்ணாம்பை ஒரு நாள் ஊறவைத்து வடிகட்டி, அரைக் கிலோ வெள்ளைப் பசை கலந்து அடியுங்கள். சுண்ணாம்பு ஐப்பசி மழையில் கரைந்துவிடும், ஒவ்வொரு மாசியிலும் திரும்ப அடிக்க வேண்டும். பழைய ஷீட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். பாசியை எடுக்கக் காய்ந்த நிலையில் சுரண்டவோ தேய்க்கவோ கூடாது, அந்தத் தூசு நுரையீரலுக்குக் கேடு. நன்றாக நனைத்து மெல்லிய பிரஷ்ஷால் துடையுங்கள். ஷீட்டின் மேல் நேராகக் கால் வைக்காமல் பலகை போட்டு, சட்டம் இருக்கும் இடத்தில் மட்டும் மிதியுங்கள். உள்ளே ஓலைப்பாயால் தட்டுக்கூரை கட்டினால், அதற்கும் ஷீட்டுக்கும் இடையில் அரையடி விட்டு, இரு முனையிலும் காற்றுப் போக வழி வையுங்கள். அடுப்புக்கு மேலே மட்டும் பாய் வேண்டாம்.

எப்போதும் காற்றடிக்கிற ஊர். மாடியில் சின்னக் காற்றாலை வைக்கலாமா?
– வாசகர், ராமேசுவரம்

வேண்டாம். இரண்டு மீட்டர் விட்டமுள்ள காற்றாலை, நொடிக்கு ஐந்து மீட்டர் காற்றில் சுமார் 60 வாட்தான் தரும். நாள் முழுக்க அப்படியே அடித்தாலும் ஒன்றரை யூனிட் தேறாது. ஒரே ஒரு 540 வாட் பேனல் 2 யூனிட் தரும், அதில் சுழலும் பேரிங்கும் கிடையாது. கட்டடங்களில் மோதிச் சுழலும் காற்றில் இறக்கை அதிர்ந்து சுவரிலும் விரிசல் விழும்.

நாட்டுப் படகில் ஜி.பி.எஸ்., வயர்லெஸ், விளக்குக்கு சோலார் வைக்க எவ்வளவு வேண்டும்?
– வாசகர், தங்கச்சிமடம்

எல்லாம் சேர்ந்து 20 வாட் என்று வைத்தால், பன்னிரண்டு மணி நேர இரவுக்கு 240 வாட் ஹவர். 12.8 வோல்ட், 30 ஆம்பியர் ஹவர் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி ஒன்றும் 100 வாட் பேனல் ஒன்றும் போதும். லித்தியத்துக்கு ஏற்ற சார்ஜ் கன்ட்ரோலர் வாங்குங்கள். பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கு ஒரு சாண் தூரத்துக்குள் 10 ஆம்பியர் ஃபியூஸ் கட்டாயம். ஒயர் ஈயம் பூசிய செம்பாக இருக்கட்டும். வெறும் செம்பு, உறைக்குள்ளேயே கருத்துப் பொடியாகும். பேட்டரியையும் கன்ட்ரோலரையும் ரப்பர் விளிம்புள்ள மூடிபோட்ட பெட்டியில், படகின் அடிநீர் எட்டாத உயரத்தில் பொருத்துங்கள். மீனை இழுக்க எல்.இ.டி. விளக்குப் போடும் எண்ணம் இருந்தால் அதற்கு 2017 முதல் தடை இருக்கிறது, மேலே சொன்ன கணக்கு திசை விளக்குக்கும் வேலை விளக்குக்கும் மட்டும்.