‘சொன்னா திட்டுவீங்க சார்’ – கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

மணலியில் ஒரு கன்டெய்னர் யார்டில் ஷிஃப்ட் இன்சார்ஜாக இருக்கிறேன். போன மாதம் ஒரு ரீச் ஸ்டேக்கரில் (கன்டெய்னர் பெட்டிகளைத் தூக்கி அடுக்கும் வண்டி) ஹைட்ராலிக் ஆயில் கசிவதை அதன் ஆபரேட்டர் இரண்டு நாளாகவே பார்த்திருக்கிறார், என்னிடம் சொல்லவில்லை. மூன்றாம் நாள் பெட்டியைத் தூக்கியபடி வண்டி நின்றுவிட்டது. நல்லவேளை, யாருக்கும் அடி இல்லை. “ஏன் சொல்லல?” என்று வாக்கி டாக்கியிலேயே கத்தினேன், யார்டு முழுக்கக் கேட்டது. “சொன்னா திட்டுவீங்க சார்” என்றார்.

குரலைத் தாழ்த்தி, நிதானமாகப் பேசுங்கள் என்று கம்பெனியில் வகுப்பு எடுத்தார்கள். யார்டில் அது நடக்குமா? அவரிடம் மன்னிப்புக் கேட்கலாம் என்று தோன்றுகிறது. கேட்டால் பசங்களுக்குப் பயம் விட்டுப்போகாதா?

– பெயர் வேண்டாம், திருவொற்றியூர்

அன்புள்ள நண்பருக்கு,

குரல் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். ரீச் ஸ்டேக்கர் ஹாரன் அடித்துக்கொண்டு பின்னால் வருகிற இடத்தில் தாழ்ந்த குரலால் பயனில்லை. தூக்கிய பெட்டிக்குக் கீழே ஒருவர் நடந்தால் கத்தத்தான் வேண்டும். வட சென்னையில் உரக்கப் பேசுவதை யாரும் தப்பாக எடுப்பதும் இல்லை. காசிமேட்டு ஏலத்தில் தொண்டை கிழியக் கத்தியவர்கள், ஏலம் முடிந்ததும் ஒன்றாக நின்று டீ குடிப்பார்கள். “வண்டிய நிறுத்து!” என்று நீங்கள் கத்தினால் ஆபரேட்டர் அன்றைக்கே மறந்துவிடுவார். “உனக்கெல்லாம் எவன்யா லைசென்ஸ் குடுத்தான்?” என்று பத்துப் பேர் காதில் விழக் கேட்டால் மறக்கமாட்டார். அடுத்த கசிவைப் பார்க்கும்போது அதுதான் ஞாபகம் வரும்.

கத்தாமலேயே வாயடைக்கவும் முடியும். 1977 மார்ச் 27 அன்று டெனெரிஃப் தீவில், பனிமூட்டத்தில், இரண்டு 747 விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் இறந்தார்கள். அதில் ஒன்றான, நெதர்லாந்தின் கேஎல்எம் நிறுவன விமானத்தின் கேப்டன், மற்ற விமானிகளுக்கே பயிற்சி கொடுத்த மூத்தவர். விமானம் ஓடத் தொடங்கிய பிறகு, எதிரே இருந்த பான் அமெரிக்கன் விமானம் இன்னும் விலகவில்லையோ என்று ஃப்ளைட் இன்ஜினியர் கேட்டார். விலகிவிட்டது என்று கேப்டன் அழுத்திச் சொன்னார். திட்டவில்லை. ஆனால் அதற்கு மேல் யாரும் மறுத்துப் பேசவில்லை. ரேடியோவில் இரண்டு பேச்சு ஒரே நேரத்தில் வந்து குழம்பியது, பனி என்று வேறு காரணங்களும் உண்டு. இருந்தாலும் அந்தச் சில நொடிகளை விமானத் துறை விட்டுவிடவில்லை. கீழே இருப்பவர் சந்தேகத்தை வாய்விட்டுச் சொல்லவும், கேப்டன் அதைக் காது கொடுத்துக் கேட்கவும் பழக்குகிற பயிற்சி, 1979இல் நாசா நடத்திய ஒரு பட்டறையிலிருந்து வளர்ந்தது.

நம் பெரம்பூரையும் பாருங்கள். அந்தக் காலத்தில் பின்னி துணி மில்லில் மேலாட்கள் திட்டுவதும் அடிப்பதும் தொழிலாளர்களின் தீராத மனக்குறையாக இருந்தது. சாப்பாட்டு நேரம் போதவில்லை என்பது இன்னொன்று. உள்ளே சொல்ல முடியாததை வெளியே வந்து செல்வபதி செட்டியார், ராமானுஜலு நாயுடு என்ற இரண்டு வியாபாரிகளிடம் சொன்னார்கள். 1918 ஏப்ரல் 27 அன்று பி.பி. வாடியா தலைமையில் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானதற்கு இதுவே தொடக்கம். திரு.வி.க.வும் கூட நின்றார். சங்கம் வந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் இன்சார்ஜ் நாற்காலியில் இருப்பவர் இதையும் யோசிக்க வேண்டும்: அந்த ஆயில் கசிவு உங்களுக்குத் தெரிவதற்கு முன்னால் கேட்டுக்கு எதிரே இருக்கும் டீக்கடைக்குத் தெரிந்திருக்கும்.

சரி, என்ன செய்யலாம்? ஒருவர் கெட்ட செய்தியோடு வரும்போது உங்கள் வாயிலிருந்து வரும் முதல் வாக்கியத்தை மட்டும் மாற்றிப் பாருங்கள். “ஏன் முன்னாடியே சொல்லல?” என்பதைச் சாயங்காலத்துக்குத் தள்ளிவையுங்கள். “வண்டி இப்ப எங்க நிக்குது? பக்கத்துல யார் இருக்கா?” என்று தொடங்குங்கள். கேள்வி வண்டியைப் பற்றி இருந்தால் அவருக்கும் பதில் வரும். கண்டிக்க வேண்டியிருந்தால் தனியே கூப்பிட்டுச் சொல்லுங்கள், அந்த நேரத்தில் வாக்கி டாக்கி இடுப்பிலேயே இருக்கட்டும்.

அப்புறம், “புரிஞ்சுதா?” என்று கேட்காதீர்கள். புரியவில்லை என்று எந்தத் தொழிலாளியும் சொல்லி நான் கேட்டதில்லை. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த பையன்கள் எல்லாவற்றுக்கும் “ஹான் சார்” என்றுதான் தலையாட்டுவார்கள். “எந்தப் பெட்டிய மொதல்ல எடுக்கப்போற? எங்க வைப்ப?” என்று கேளுங்கள். கையைக் காட்டியாவது சொல்லட்டும். தப்பு இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

மன்னிப்புக் கேளுங்கள். பயம் விட்டுப்போகும் என்கிறீர்கள், போகட்டும். அந்தப் பயம்தான் கசிவை உங்களிடமிருந்து இரண்டு நாள் மறைத்தது. அவர் சொல்லாமல் இருந்ததும் தப்பு, அதை அவரிடம் தனியாகப் பேசுங்கள். திட்டியதை எல்லாரும் கேட்டார்கள் இல்லையா? அதனால் மன்னிப்பையும் ஷிஃப்ட் மாறும்போது, இரண்டு ஷிஃப்ட் ஆட்களும் நிற்கையில் கேளுங்கள். “அன்னிக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாதுப்பா. இனிமே எண்ணெய் ஒரு சொட்டு ஒழுகினாலும் வண்டிய நிறுத்திட்டு வந்து சொல்லு, லேட் ஆனா ஆபீசுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்.” இவ்வளவு போதும். அப்படிச் சொன்ன பிறகு, கப்பலுக்குப் பெட்டி போய்ச் சேர வேண்டிய கடைசி நேரமான கட்-ஆஃப் நெருங்குகிற ராத்திரியில் அவர் நிஜமாகவே வண்டியை நிறுத்துவார். மேலே இருந்து போன் வரும். அப்போது அவர் பெயரை இழுக்காமல், நிறுத்தச் சொன்னது நான்தான் என்று சொல்லிவிடுங்கள்.

அன்புடன்.