கொல்லையில் தானாக முளைக்கும் பூச்செடிகளை விட்டுவைக்கலாமா?

தர்மபுரியில் வீட்டுக் கொல்லையில் தானாக முளைத்துப் பூக்கும் செடிகளுக்குக் களைக்கொல்லி அடிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம், கொஞ்ச நாள் விட்டுப் பாருங்கள். மழைக்காலம் ஓய்ந்ததும் தை, மாசியில் தும்பை, விஷ்ணுகிராந்தி, ஆவாரை எல்லாம் பூத்துக் கிடக்கும். பொங்கலுக்குக் காப்புக் கட்ட ஆவாரம்பூவையும் பூளைப்பூவையும் காசு கொடுத்து வாங்குகிறோமே, அதுவும் இப்படி வளர்வதுதான்! வெட்டுக்காயப் பூண்டு அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த செடி. ஆனாலும் வெயில் ஏறியதும் வண்ணத்துப்பூச்சிகள் அதைத் தேடித்தான் வரும். தும்பைக்குத் தேனீ.

பார்த்தீனியத்தை மட்டும் பூப்பதற்கு முன்பே, கையுறை போட்டு வேரோடு பிடுங்கிவிடுங்கள். தோல் அரிப்பும் மூச்சுத் தொல்லையும் தரும். அப்புறம் நெருஞ்சி: மஞ்சள் பூ அழகுதான், நடக்கிற வழியில் மட்டும் வேண்டாம், முள் குத்தும்.